காஞ்சியில் ஒரு நாள், சாம்பல் தின்னாமல்

நாங்கள் காஞ்சிபுரம் போனது தை மாதத்தில். இதை எழுத உட்காரும்போது சித்திரை பாதி ஓடிவிட்டது. மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் பேனாவைத் திறந்தால் மூடி காணாமல் போகும், மூடியைத் தேடி எடுத்தால் காகிதம் கப்பலாகியிருக்கும். தாமதத்துக்கு அதுதான் காரணம். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்ப் புடவையும் எடுத்து சாமியும் கும்பிட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கு இது இன்னும் பயன்படும் என்று நம்புகிறேன்.

போன காரணம் இரண்டு. வெளியே சொன்ன காரணம், என் கணவரின் கடைசித் தங்கைக்குக் கூறைப்புடவை வாங்கிவருவது. சொல்லாத காரணம், எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு பரீட்சை. நான் சாம்பல் தின்கிறவள். ஒரு நாள் முழுவதும், வீட்டுக்கு வெளியே, அதை வாயில் போடாமல் என்னால் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கிற பெண்களில் சிலர் சிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும். என் மகள் உமா வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. மசக்கை என்று வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள். மாமியாரே விறகடுப்புச் சாம்பலைச் சலித்துக் கிண்ணத்தில் வைத்துத் தந்தார். பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்தது, ஆசை போகவில்லை. பாத்திரம் தேய்க்க வைத்திருக்கும் டப்பாவிலிருந்து, யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு சிட்டிகை. அப்புறம் இன்னொரு சிட்டிகை.

மார்கழியில் ஒரு காலை அடுப்படிக்குள் நுழைந்தேன். உமா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உதட்டைச் சுற்றி வெள்ளை. என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போனாள். அவள் தின்றதைவிட அப்படித் துடைத்துக்கொண்டதைத்தான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் துடைத்துக்கொள்வது அப்படித்தான். புடவையில், இடது பக்கம், இரண்டு தடவை.

எங்கள் பேட்டை லேடி டாக்டர் எங்கள் இருவரின் கண் இமையையும் கீழே இழுத்துப் பார்த்தார். இருவருக்கும் ரத்தம் குறைவு. எனக்கு இரும்புச் சத்து மாத்திரை, குழந்தைக்குப் பூச்சி மருந்தும் ஒரு டானிக்கும். "மாத்திரை ரத்தத்தைப் பாத்துக்கும். நாக்கை நீதான் பாத்துக்கணும்" என்றார்.

நாக்கை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. முதலில் சத்தியம் செய்துபார்த்தேன். டப்பாவைப் பரண்மேல் வைத்தேன். வைத்தவள் நான்தானே, ஸ்டூல் போட்டு ஏறவும் எனக்குத் தெரியும். ஏதோ ஒரு மத்தியானம் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் கல்லூரி ஞாபகம் வந்தது. நான் படித்தது விலங்கியல். நுண்ணோக்கியில் குட்டைத் தண்ணீரை வைத்துவிட்டு எங்கள் பேராசிரியை சொல்வார், புத்தகத்தில் இருப்பதை வரையாதீர்கள், கண்ணில் படுவதை வரையுங்கள், அது நகர்ந்தால் நகரட்டும், நீங்கள் நகராதீர்கள் என்று. சாம்பல் ஆசையை அதுவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது வரும், நான் தின்பேன், போய்விடும். சண்டை போடாமல், கொடுக்கவும் செய்யாமல், அது என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தால் என்ன? ஸ்டூலிலிருந்து இறங்கினேன். வீட்டில் இரண்டு வாரம் அப்படிப் பழகினேன். சில நாள் பார்த்தேன், சில நாள் தின்றேன். வெளியூர்ப் பயணத்தில்தான் உண்மை தெரியும் என்று தோன்றியது.

பாரிமுனை பஸ் நிலையத்திலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வண்டி. என்னுடன் உமாவும் கமலா அக்காவும். அக்கா என் கணவருடன் பிறந்தவர், அவருக்கு மூத்தவர், பேரம் பேச எங்கள் குடும்பம் அவரைத்தான் அனுப்பும். காஞ்சிபுரத்துக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது காசு. கண்டக்டர் உமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொழந்தைக்கு இன்னா வயசும்மா?"

"ரெண்டே முக்கால்" என்றார் அக்கா.

"எனக்கு மூணு" என்றாள் உமா, மூன்று விரலையும் காட்டி.

"அதுவே சொல்லிடுச்சு. அரை டிக்கெட் எடுத்துக்கம்மா" என்று கிழித்துக் கொடுத்தார். ஒன்று நாற்பது. அக்கா பூந்தமல்லி வரை உமாவுடன் பேசவில்லை.

பூந்தமல்லி தாண்டியதும் செங்கல் சூளைகள் வரும். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லமாட்டேன், என்னைப் போன்றவர்களுக்குச் சொல்வேன். மண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனை பஸ்ஸுக்குள் வந்ததும் எனக்குக் காதுக்குக் கீழே தாடை இழுத்தது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. கடைவாய்ப் பல் இரண்டும் எதையோ நறநறவென்று அரைக்கக் காத்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாடை. எச்சில். பல். இப்போது நெஞ்சில் ஒரு அவசரம், ரயில் கிளம்பப்போகிற மாதிரி. அது ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு, நான் ஒன்றும் செய்யாமலே, கொஞ்சம் தளர்ந்தது. கண்ணைத் திறந்தபோது ஸ்ரீபெரும்புதூர் வந்திருந்தது.

"தூக்கமா?" என்றார் அக்கா. "தூங்கு, தூங்கு. மத்தியானம் திருப்புட்குழிக்குப் போலாம்னு இருக்கேன். அங்க கோயில்ல வறுத்த பயறு குடுப்பாங்களாம். அதை நனைச்சு மடியில கட்டிக்கிட்டுப் படுத்தா, முளைச்சிருந்தா புள்ள பொறக்குமாம். உமாவுக்கு ஒரு தம்பி வேணாமா?"

எனக்குத் திக்கென்றது. இன்னொரு மசக்கை, இன்னொரு கிண்ணம். "முதல்ல புடவை எடுப்போம் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

எட்டேகாலுக்குக் காஞ்சிபுரம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். மிளகும் சுக்கும் போட்டு வார்க்கிற காஞ்சிபுரம் இட்லியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது கோயில் பிரசாதம், எல்லா ஓட்டலிலும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்தது சாதா இட்லிதான், சூடாக இருந்தது. அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஜட்கா வண்டி எழுபத்தைந்து காசு. நடந்தும் போகலாம், இடுப்பில் குழந்தை இல்லாதவர்கள்.

ஏகாம்பரநாதர் மண் லிங்கம். மணலால் ஆனது என்பதால் லிங்கத்துக்கு நேரடியாக அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான். குருக்கள் தீபம் காட்டியபோது எனக்கு வந்த நினைப்பை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன். மண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவது எனக்கு அன்றைக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. தின்னாமல், தொடாமல், இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது.

ஆனால் திருநீற்றை நான் மறந்துவிட்டேன். குருக்கள் கை நிறையக் கொடுத்தார். நெற்றியில் இட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வது நம் வழக்கம்தானே. அக்கா அப்படியே செய்துவிட்டு, இன்னொரு சிட்டிகையை உமாவின் வாய்க்குக் கொண்டுபோனார். உமா வாயை ஆவென்று திறந்திருந்தாள். நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"நெத்தியில மட்டும் வைங்க அக்கா."

"சாமி துன்னூறுடி. மருந்து."

"அவளுக்கு வயிறு சரியில்ல."

"அதுக்குத்தான் மருந்துங்கறேன்."

"வேணாம் அக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உமாவின் நெற்றியில் வைத்தார். என் கையில் இருந்ததைத் தூணில் தொங்கிய தட்டில் கொட்டினேன். உள்ளங்கைக் கோடுகளில் மிச்சம் இருந்தது. அந்தக் கையை விரித்தபடியே பிராகாரம் முழுவதும் சுற்றிவந்து குழாயில் கழுவினேன். வென்றுவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னதை வெற்றிக் கணக்கில்தான் வைத்தேன்.

கோயிலை மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாத்துகிறார்கள். நாங்கள் பத்தரைக்கே வெளியே வந்து பிள்ளையார்பாளையம் போனோம். நெசவாளர் தெருக்கள் அங்கேதான். விடியற்காலையில் போனால், தறிக்கான நீளவாட்டுப் பட்டு இழைகளை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி தெளித்து உலர்த்துவதைப் பார்க்கலாம். நாங்கள் போனபோது வெயில் ஏறி, அதெல்லாம் சுருட்டி வீட்டுக்குள் போயிருந்தது.

அக்காவின் பக்கத்து வீட்டார் மூலம் முன்பே சொல்லிவைத்த புடவை. நெய்த வீட்டில் கணவனும் மனைவியும். அவர் பெயர் ஏழுமலை, அவள் பெயர் தனம். தறி நின்றிருந்தது. எங்கள் புடவைதான் பழைய பாவில் கடைசி. அதை அறுத்து எடுத்துவிட்டு, தறியில் மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தாள் தனம். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்காமல் முறுக்கு நிற்க வேண்டும் என்பதற்காக விரலில் ஒன்றைத் தொட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் வைத்திருந்தாள். சாம்பல்.

மாவு மாதிரி சலித்த, வெளுத்த வரட்டிச் சாம்பல்.

அக்கா புடவையை வெளிச்சத்தில் பிடித்துச் சரிகையில் குறை தேடிக்கொண்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. ஏழுமலை முந்நூற்று எண்பது என்றார், அக்கா முந்நூற்று நாற்பது என்றார். எனக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது. தனத்தின் விரல் கொட்டாங்கச்சிக்குப் போகும், இழைக்கு வரும், போகும், வரும். என் கண் அதனுடனே போய்வந்தது.

"இன்னாம்மா, அதையே பாத்துக்கினு இருக்கே?" என்றாள் தனம். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், சிரித்தாள். "முழுவாம இருக்கியா?"

"இல்லீங்க."

"இன்னாத்துக்கு வெக்கம்? எனுக்குப் பெரியவன் வயித்துல இருக்கசொல்ல, இந்தச் செவுத்தையே பேத்துத் துன்னேன். அதோ பாரு பள்ளம். இவுரு இன்னும் பூசல."

"பூசி இன்னா பண்றது, அடுத்த தபா மறுபடி துன்னுவே" என்றார் ஏழுமலை, புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா திரும்பினார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன். "சாந்தா, மறுபடியுமா? எங்கிட்டகூடச் சொல்லல. அதான் கோயில்ல ஒரு மாதிரி இருந்தியா?"

"இல்லக்கா, அதில்ல."

"அப்ப திருப்புட்குழி வேலை மிச்சம்."

நான் மறுக்க மறுக்க அது கூச்சம் என்றே ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, நம் ஊர் எங்குமே கர்ப்பிணி ஆசைப்பட்டதை இல்லையென்று அனுப்பமாட்டார்கள். தனம் எழுந்து உள்ளே போனாள். காகிதத்தில் சாம்பலை மடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்து மூடினாள். "வூட்டு வரட்டி. சுத்தமானது. நம்ம வூட்ல வந்து ஆசப்பட்டுட்டு சும்மா போவக்கூடாது. துன்னும்மா, இங்கியே துன்னு, தண்ணி தரேன்."

பொட்டலம் லேசான சூட்டோடு இருந்தது. உமா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே கையை நீட்டினாள். "எனக்கும்."

நான் தரையில் உட்கார்ந்தேன். பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தாடை இழுத்தது. எச்சில் ஊறியது. இரண்டு காதும் சூடானது. பஸ்ஸில் வந்ததைப் போலப் பல மடங்கு. பிறகு பேச்சு ஆரம்பித்தது. எல்லோருமே தின்னச் சொல்கிறார்கள், இன்றைக்கு ஒளிக்கக்கூட வேண்டாம், தின்னாவிட்டால் அந்தப் பெண் மனம் நோகும், நாளையிலிருந்து விட்டுவிடலாம். ஒவ்வொரு வாக்கியமும் நியாயமாக இருந்தது. இதுவும் ஆசையின் ஒரு பகுதிதான், எச்சிலைப் போல இதுவும் ஊறுகிறது என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. இன்னும் உற்றுப் பார்த்தேன். நாக்கு ருசியைக் கேட்கவில்லை. முதல் சிட்டிகை நாக்கில் ஒட்டிக்கொண்டு எல்லா ஈரத்தையும் இழுக்குமே, அந்த ஒரு நொடியை மட்டும் கேட்டது. அந்த நொடிக்கு அப்புறம் எனக்கு எப்போதுமே வெட்கமாகத்தான் இருந்திருக்கிறது. அதையும் பார்த்தேன்.

உச்சியில் அது சற்று நேரம் நின்றது. இறங்கும் என்று தெரிந்திருந்தும் இறங்காது என்றே தோன்றியது. பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இறங்கியது.

முழுவதுமாக இல்லை. பேசுகிற அளவுக்கு.

"தனம், நான் முழுகாம இல்ல. எனக்கு இது பழக்கமாப் போச்சு. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரத்தமே இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. என்னைப் பாத்து இவளும் திங்க ஆரம்பிச்சிட்டா. விடப் பாக்கறேன்."

அக்கா புடவையை மடியில் போட்டுக்கொண்டார். தனம் முதலில் கோபப்பட்ட மாதிரி இருந்தது. "ஆசப்படலன்னா இன்னாத்துக்கு அப்புடிப் பாத்தே?" என்றாள்.

"ஆசைப்பட்டுத்தான் பாத்தேன்."

"இது இன்னா கூத்தும்மா. ஆசையும் படுவியாம், துன்னவும் மாட்டியாம்" என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக் கொட்டாங்கச்சியில் கொட்டினாள். வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு இன்னும் பாதிப் பாவு பாக்கி.

உமாதான் விடவில்லை. அழுகைக்கு உதடு பிதுங்கியது. வீட்டில் என்றால் கையைத் தட்டிவிட்டு ஒரு பிஸ்கட் கொடுத்திருப்பேன். அன்று மடியில் உட்காரவைத்து, "உமா, எது கேக்குது? வயிறா?" என்றேன்.

யோசித்தாள். "பல்லு."

"எந்தப் பல்லு?"

வாய்க்குள் விரலை விட்டுப் பின்னால் காட்டினாள்.

"என்ன கேக்குது?"

"நறநறன்னு கேக்குது."

"கேக்கட்டும். நாம ரெண்டு பேரும் பாப்போம். நிறுத்தினா எங்கிட்ட சொல்லு."

வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள், பல் டாக்டரிடம் காட்டுவதைப் போல. ஏழுமலை, "ஈ பூந்துடப் போவுது பாப்பா" என்றார். உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில், "இப்ப கேக்கல" என்றாள். மறுபடி, "இப்ப கேக்குது." மறுபடி, "போச்சு." அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. எனக்கு விளையாட்டு இல்லை. அவள் என்னிடம் ஒளிக்காமல் சொன்ன முதல் ஆசை அது.

புடவை முந்நூற்று அறுபதுக்கு முடிந்தது. சாப்பாடு ராஜவீதியில் ஒரு மெஸ்ஸில், அளவுச் சாப்பாடு ஒன்றே கால் ரூபாய். திருப்புட்குழி போகவில்லை. அக்காவும் கேட்கவில்லை. போக விரும்புகிறவர்கள் வேலூர் போகிற பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம், பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர் இருக்கும் என்று மெஸ்ஸில் சொன்னார்கள்.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினோம். உமா தூங்கியபின் அக்கா மெதுவாகச் சொன்னார், "அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், பயப்படாத."

"சொல்லுங்க அக்கா. சாம்பல் டப்பா எங்க இருக்கு, நான் அந்தப் பக்கம் எத்தனை தடவை போறேன்னு அவங்களும் பாக்கட்டும்."

"சொன்னா அம்மா என்னையும் ஏசுவாங்க, உன்னையும் ஏசுவாங்க. ஊருக்கே கேக்கும்."

"கேக்கட்டும் அக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியாரிடம் அன்றிரவே சொல்லிவிட்டார், அதுவும் தெரிந்ததுதான். மாமியார் என்னை ஏசவில்லை, மருமகளுக்குச் சோறு போடாத குடும்பம் என்று ஊர் பேசுமே என்றுதான் இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார். இன்றுவரை நிறுத்தவில்லை. அதைத் தினமும் சாப்பிடுவதற்கும் ஒரு பொறுமை வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், ஆறரை ஏழுக்குள் தெருவில் பாவு பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். புடவையை வெயிலில் விரித்துப் பாருங்கள், கடை விளக்கில் பார்க்காதீர்கள். குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்தால் அரை டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். என்னைப் போன்ற பழக்கம் இருக்கிறவர்கள் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், மாத்திரை இல்லாமல் மனத்தை மட்டும் நம்பினால் நடக்காது. ஆசை வரும்போது அதை விரட்டவும் வேண்டாம், அதற்குத் தீனி போடவும் வேண்டாம். உடம்பில் எங்கே வந்திருக்கிறது என்று தேடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பங்குனியில் நான் இரண்டு தடவை தவறினேன். இரண்டு தடவையும் பார்க்க மறந்த நாட்கள். மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

ஜூனில் உமாவைப் பாலர் வகுப்பில் சேர்க்கிறோம். சிலேட்டும் பலப்பமும் வாங்க வேண்டும். என் வகுப்பில் பலப்பம் தின்னாத பெண்ணே கிடையாது, உமாவின் வகுப்பிலும் இருக்கமாட்டார்கள். அவளிடம் தின்னாதே என்று சொல்லி அனுப்பப்போவதில்லை. கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு டப்பா நிறைய வாங்குவேன். வீட்டுக்கு வந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தப் பல் கேட்கிறது என்று முதலில் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, பிறகு எழுதுவோம்.